பதவி உயர்ந்தால் பிரசவ அறை இல்லை

செவிலியர் பள்ளியில் மகப்பேறு பாடம் நடத்துகிறேன். அதற்கு முன்பு தென்மாவட்ட அரசு மருத்துவமனைகளில் லேபர் வார்டு சிஸ்டராகப் பல வருடம் இருந்தேன். படிப்பு முடிகிற சமயத்தில் மாணவிகள் என்னைத் தேடி வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "மேடம், வேலைக்குப் போனா எந்த வார்டு கேக்கலாம்?" ஐ.சி.யூ., டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர் என்று ஆளுக்கு ஒன்று மனதில் வைத்திருப்பார்கள். லேபர் வார்டு என்று வாயைத் திறப்பவள் அபூர்வம். திறந்தாலும் பக்கத்தில் நிற்பவள் "உனக்கென்ன கிறுக்கா?" என்று முழங்கையால் இடிப்பாள்.

இவர்களில் யாருக்கும் பிரசவம் பிடிக்காமல் இல்லை. முதல் குழந்தையைக் கையில் ஏந்திய அன்று ஹாஸ்டலுக்கு வந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டு அழுதவர்கள்தான் அத்தனை பேரும். பிடித்த வேலையை விட்டு ஏன் விலகுகிறார்கள்? அதே வேலையில் சிலர் மட்டும் எப்படிக் கடைசிவரை நிற்கிறார்கள்? இது செவிலியர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு போய்விடும் விஷயம் இல்லை. உங்கள் மகளுக்கு வலி வந்து பிரசவ அறைக்குள் போகும்போது, அவள் பக்கத்தில் நிற்பது வருடக்கணக்காகப் பிரசவம் பார்த்த கையா, போன வாரம் கண் வார்டிலிருந்து மாற்றலாகி வந்த கையா என்பது இந்தக் கேள்விகளின் பதிலில்தான் இருக்கிறது.

கைக்கு மட்டுமே தெரியும் கணக்கு

பிரசவம் பார்ப்பது என்றால் குழந்தையைப் பிடிப்பது என்று வெளியே நினைக்கிறார்கள். குழந்தை வெளியே வருவது சில நிமிட வேலை. அதற்கு முன்னால் பல மணி நேரம் காத்திருக்கிறோமே, எங்கள் தொழிலின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. வயிற்றைத் தடவித் தலை எங்கே, முதுகு எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். பத்து நிமிடத்தில் எத்தனை வலி வருகிறது, ஒவ்வொன்றும் எத்தனை வினாடி நிற்கிறது என்று எண்ண வேண்டும். குழந்தையின் இதயத்துடிப்பை அரை மணிக்கு ஒரு தடவையாவது கேட்க வேண்டும். முக்கும் கட்டம் வந்துவிட்டால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை.

கர்ப்பப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்க வேண்டும் என்றுதான் எங்கள் காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2018-ல் அந்தக் கணக்கைத் தளர்த்தியது. ஐந்து சென்டிமீட்டர் ஆன பிறகே பிரசவம் முழு வேகம் பிடிப்பதாகக் கொள்ள வேண்டும். தாயும் சேயும் நலமாக இருந்தால் மெதுவாகத் திறந்தாலும் பொறுத்திருக்கலாம் என்றது. 2020-ல் வந்த புதிய பிரசவக் கண்காணிப்புப் படிவமும் அந்த அடிப்படையில் அமைந்ததுதான். ஆனால் பொறுக்கலாமா, இனிப் பொறுக்கக் கூடாதா என்பதை எந்தப் படிவமும் தானாகச் சொல்லிவிடாது. பக்கத்தில் நிற்பவள்தான் சொல்ல வேண்டும்.

குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாயின் தொடையில் பத்து யூனிட் ஆக்சிடோசின் ஊசி. நஞ்சு விழுந்ததும் வயிற்றின் மேல் கை வைத்தால் கர்ப்பப்பை கிரிக்கெட் பந்துபோல் இறுகியிருக்க வேண்டும். மெத்தென்று இருந்தால் ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். 500 மில்லியைத் தாண்டினால் அது அபாயம். துணியும் பஞ்சும் ஊறிக் கிடக்கும்போது போனது 300-ஆ, 600-ஆ என்று கண்ணால் அளக்கப் பழகுவதற்குள் சில வருடம் ஓடிவிடும். புத்தகத்தில் நான் ஒரு மணி நேரத்தில் நடத்தி முடிக்கிற பாடம் இது. கையில் ஏறுவதற்கு நூற்றுக்கணக்கான தாய்மார்கள் வேண்டும். பக்கத்தில் நின்று "இப்ப தொட்டுப் பாரு" என்று சொல்ல ஒரு மூத்த சிஸ்டரும் வேண்டும்.

பதிவு உண்டு, பதவி இல்லை

எங்கள் படிப்பு முடிந்தால் இரண்டு பதிவு கிடைக்கும்: செவிலியர் என்று ஒன்று, தாதி என்று ஒன்று. சென்னை மாகாணத்தில் செவிலியர், தாதியர் சட்டம் 1926-லேயே வந்துவிட்டது. அந்தப் பதிவுக்காக ஒவ்வொரு மாணவியும் தன் கையால் இருபது சுகப்பிரசவம் பார்த்து, கேஸ் புக்கில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். இருபது முடிக்க அவர்கள் படும் பாடு எனக்குத்தான் தெரியும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனுக்கும் பி.ஜி. டாக்டருக்கும் கேஸ் வேண்டும்; எங்கள் பிள்ளைகள் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார்கள்.

இவ்வளவு சிரமப்பட்டு வாங்கிய தாதிப் பதிவுக்கென்று அரசு மருத்துவமனையில் தனிப் பதவி கிடையாது. பணி ஆணை செவிலியருக்கானது. எந்த வார்டில் போட்டாலும் போக வேண்டும். லேபர் வார்டில் கை தேர்ந்து வரும் நேரத்தில் ரொட்டேஷன் வரும். எலும்பு முறிவு வார்டுக்குப் போ என்பார்கள். அவள் இடத்துக்கு வருபவள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இங்கிலாந்திலும் நெதர்லாந்திலும் பேறுகாலத் தாதி என்பது தனித் தொழில். பக்கத்தில் இலங்கையிலும், 1926-ல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியதிலிருந்து வளர்ந்த ஏற்பாட்டில், தாய்-சேய் நலத்துக்கென்றே தனியாகப் பயிற்சி பெற்றவர்கள் ஊர் ஊராக இருக்கிறார்கள். நம்மிடம் ஒருத்தி லேபர் வார்டை விட்டுப் போனால் அது ராஜினாமாவாக எங்கும் பதிவாகாது. ஊழியர் பட்டியலில் அவள் இருப்பாள். பிரசவ மேசைப் பக்கத்தில் இருக்க மாட்டாள்.

போனவர்கள்

என் செட்டில் படித்த தோழி ஒருத்தி குவைத்துக்குப் போனாள். அவளைப் பற்றிப் பேச்சு வந்தால் "காசுக்காகப் போயிட்டா" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். காசும் காரணம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. 2015-ல் தேர்வெழுதி அரசு வேலைக்கு வந்த செவிலியர்களுக்குத் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருடத்தில் பணி நிரந்தரம் என்ற நம்பிக்கையில் சேர்ந்தார்கள். நிரந்தரமாகாத ஆயிரக்கணக்கானோர் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். பிறகு ஊதியம் படிப்படியாக உயர்ந்தது. ஆனாலும் வாடகை, பிள்ளை, மாமியார் வைத்தியம் என்று இருக்கும் ஒரு பெண்ணிடம், "சேவை மனப்பான்மையோடு இரு" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இன்னொருத்தி உள்ளூரிலேயே இருக்கிறாள்; ஆனால் லேபர் வார்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டாள். அவள் டூட்டியில் இருந்த ஒரு இரவில், பிரசவம் முடிந்த ஒரு தாய் ரத்தப்போக்கில் இறந்துபோனாள். வார்டு நிறைய ஆள், சிஸ்டர்கள் இருவர். ரத்தம் வர நேரமாகிவிட்டது. மறுநாள் விசாரணையில் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, "அந்த நேரத்துல நீ எங்க இருந்தே?" அடுத்த மேசையில் வேறொருத்தியின் குழந்தையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சில மாதத்தில் கண் புறநோயாளிப் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

தாய் மரணத்தை ஒவ்வொன்றாக ஆராயும் வழக்கம் நம் மாநிலத்தில் 1990-களில் தொடங்கியது. மிகத் தேவையான வேலை அது. ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 2001-03-ல் 134 ஆக இருந்த தாய் மரணம் 2018-20-ல் 54 ஆக இறங்கியதற்கு அந்த ஆய்வும் ஒரு காரணம். ரத்தம் ஏன் தாமதமானது, ஆள் ஏன் போதவில்லை என்று தேடும்வரை அது உயிர் காக்கும் கருவி. யார் செய்தது என்று மட்டும் தேடத் தொடங்கினால், அனுபவசாலிகளை வார்டிலிருந்து துரத்தும் கருவியாகிவிடுகிறது.

மூன்றாவது வகை விலகல் வெளியே தெரியாது. லேபர் வார்டில் சிஸ்டர் கத்துகிறார் என்று ஊரெல்லாம் பேசுகிறார்கள்; உண்மைதான். வலியில் துடிக்கும் பெண்ணைத் திட்டுவதை எந்தக் காரணமும் நியாயப்படுத்தாது. ஆனால் அந்தச் சிஸ்டர் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது அப்படி வரவில்லை. ஒருத்திக்கு முதுகு தடவிக்கொடுக்க நினைக்கும்போது இன்னொருத்திக்குத் தலை தெரிகிறது. மூன்றாமவளின் பதிவேடு நிரப்பாமல் கிடக்கிறது. செய்யத் தெரிந்ததைச் செய்ய முடியாமலே ஒவ்வொரு டூட்டியும் முடிகிறது. சிலர் மரத்துப்போய் அங்கேயே இருக்கிறார்கள். மரத்துப்போகப் பிடிக்காதவர்கள் போய்விடுகிறார்கள். நல்லவர்களை முதலில் இழப்பது இப்படித்தான்.

இங்கிலாந்தில் இதையே ஆராய்ந்து 2002-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பணியை விட்ட தாதியர் சொன்ன காரணங்களில் முன்னால் நின்றது, தங்களுக்குத் தெரிந்த விதத்தில் தாய்மார்களைக் கவனிக்க முடியவில்லை என்ற மனக்குறை. அங்கே சம்பளம் வேறு, கட்டடம் வேறு. குறை மட்டும் நம்மூர் குறைதான்.

நர்சம்மாவின் கை

கிராம சுகாதாரச் செவிலியர்களின் கதை தனி. 1980-களில் பணியில் சேர்ந்த ஓர் அக்காவை எனக்குத் தெரியும். துணைச் சுகாதார நிலையத்தின் பின்னறையிலேயே குடியிருந்தார். ஐயாயிரம் மக்களுக்கு ஒருவர் என்பது கணக்கு. ராத்திரி கதவைத் தட்டி "நர்சம்மா, வலி வந்துருச்சு" என்று கூப்பிட்டால் லாந்தரோடு கிளம்பிவிடுவார். 1992-93-ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிரசவம் வீட்டில்தான் நடந்தது. அந்த வீடுகளில் பயிற்சி பெற்ற கை என்று இருந்தால் அது பெரும்பாலும் அந்த அக்கா போன்றவர்களின் கைதான்.

பிறகு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்களைப் போட்டு இருபத்துநான்கு மணி நேரப் பிரசவம் தொடங்கியது. 2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் தொகை 2006-ல் ஆறாயிரம், 2011-ல் பன்னிரண்டாயிரம் என்று உயர்ந்து, பின்னர் பதினெட்டாயிரம் ஆனது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் மருத்துவமனைப் பிரசவம் 99.6 சதவீதம். இது நம் மாநிலத்தின் பெரிய சாதனை. வீட்டுப் பிரசவத்துக்குத் திரும்ப வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்க மாட்டேன்.

ஆனால் அந்த அக்காவின் கை என்ன ஆயிற்று? அவருக்குப் பின்னால் வந்த கிராமச் செவிலியர்களுக்குப் பிரசவம் பார்க்கும் வாய்ப்பே நின்றுபோனது. கர்ப்பிணிகளைப் பிக்மி என்ற அரசு இணையதளத்தில் பதிவது, ஆர்.சி.ஹெச். எண் என்ற கர்ப்பப் பதிவு எண்ணை வாங்கித் தருவது, தடுப்பூசிக் கணக்கு, குடும்பநலக் கணக்கு என்று அவர்கள் வேலை மாறியது. 2017-லிருந்து பிறப்புச் சான்றிதழுக்கே அந்த எண் வேண்டும் என்றானபின் பதிவு வேலை மேலும் கூடிற்று. தேவையான வேலைதான் இதுவும். இருந்தாலும் ஓய்வு பெறும் நாளில் அந்த அக்கா சொன்னது மனதை விட்டுப் போகவில்லை: "கடைசியா ஒரு புள்ளையக் கையில வாங்கி எத்தனையோ வருஷமாச்சு. இப்ப வாங்கச் சொன்னா பயமாத்தான் இருக்கும்." அவரை யாரும் வெளியேற்றவில்லை. ஏற்பாடு மாறியது, மாறிய ஏற்பாட்டில் அவருடைய திறமைக்கு ஓர் இடத்தை யோசிக்க மறந்துவிட்டோம்.

இருப்பவர்கள்

இவ்வளவுக்கும் நடுவே நிற்பவர்கள் இருக்கிறார்கள். என் செட்டிலேயே ஒருத்தி, ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அசையாமல் இருக்கிறாள். கண்காணிப்பாளர் பதவி உயர்வு வந்தபோது வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். வீட்டில் சண்டை. "மூளை இருக்கா?" என்றாராம் அவள் கணவர்.

ஏன் என்று கேட்டேன். அவள் அடுக்கிய காரணங்களில் சேவை, தியாகம் என்ற பேச்சே வரவில்லை. "இங்க சுகப்பிரசவம்னா நான்தான் பாக்குறேன். கேஸ் தாங்காதுன்னு நான் சொன்னா டாக்டரம்மா மறுபேச்சு பேச மாட்டாங்க, உடனே 108-ஐக் கூப்பிட்டு அனுப்பிருவோம். கர்ப்பமா வர்ற பிள்ளைங்கள மூணாம் மாசத்துலருந்து தெரியும். பிரசவத்தப்போ கூட அம்மாவோ அக்காவோ ஒருத்தர் இருப்பாங்க. வேற என்ன வேணும்?"

இந்த நாலு வரியில் எல்லாம் அடங்கியிருக்கிறது. முடிவெடுக்கும் உரிமை இருக்கிறது. அவள் சொல்லை மருத்துவர் நம்புகிறார். ஆபத்து வந்தால் மேல் மருத்துவமனைக்கு வழி திறந்திருக்கிறது. முன்பின் தெரிந்த பெண்களைப் பார்க்கிறாள். பிரசவத் துணை என்று உறவினர் ஒருவரை அரசு மருத்துவமனையின் பிரசவ அறைக்குள் அனுமதிக்கும் திட்டத்தை 2004-ல் தமிழ்நாடு கொண்டுவந்தது. அது தாய்க்கு மட்டும் தைரியம் தரவில்லை, சிஸ்டருக்கும் தருகிறது. இங்கிலாந்தில் விலகியவர்களை ஆராய்ந்தவர்களே பிறகு, ஏன் இருக்கிறார்கள் என்பதையும் 2006-ல் ஆராய்ந்தார்கள். தாய்மார்களோடு உள்ள உறவும், கூட வேலை செய்பவர்களின் துணையும்தான் அங்கேயும் பிடித்து வைக்கிறது.

நான் லேபர் வார்டை விட்டு வந்த காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு மனக்கசப்பு எதுவும் இல்லை. பதவி உயர்வு வந்தது. பிள்ளைகள் படிக்கும் வயது. நைட் டூட்டி இல்லாத வேலை. எங்கள் துறையில் ஸ்டாஃப் நர்ஸ் உயர்ந்தால் கண்காணிப்பாளர். டூட்டி சார்ட், ஸ்டாக், மீட்டிங். கிராம சுகாதாரச் செவிலியர் உயர்ந்தால் பகுதி சுகாதாரச் செவிலியர், பிறகு சமுதாய சுகாதாரச் செவிலியர், மேற்பார்வை, அறிக்கை. மேலே படித்தால் ஆசிரியர். எந்தப் படியில் ஏறினாலும் அது பிரசவ மேசையிலிருந்து விலகிப் போகிற படி. அறுவை சிகிச்சையில் தேர்ந்த மருத்துவருக்குப் பேராசிரியர் பதவி கொடுத்த பிறகும் அவர் கத்தியைப் பிடிக்கிறார். பிரசவத்தில் தேர்ந்த செவிலியருக்கு மட்டும், தேர்ச்சிக்குப் பரிசு அந்த வேலையிலிருந்து விடுதலை.

எங்கே மாற்ற வேண்டும்

வழி தெரியாத பிரச்னை இல்லை இது. ஹைதராபாத் ஃபெர்னான்டஸ் மருத்துவமனையில் தாதியருக்கான தனிப் பயிற்சி ஏற்கெனவே நடந்துவந்தது. தெலங்கானா அரசு 2017-ல் அவர்களோடும் யுனிசெஃபோடும் சேர்ந்து அரசுச் செவிலியர்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது. 2018 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்கள், பதினெட்டு மாதம் கூடுதலாகப் பயிற்றுவிக்கப்பட்ட தாதியர் தாங்களே நடத்தும் பிரசவப் பிரிவுகளை நாடு முழுக்கத் தொடங்கச் சொல்கின்றன. சிக்கலில்லாத பிரசவத்தை அவர்கள் பொறுப்பில் பார்ப்பார்கள். சிக்கல் என்றால் பக்கத்திலேயே மருத்துவர்.

இது தமிழ்நாட்டுக்கு ஏன் அவசரம் என்பதற்கு ஒரு கணக்கு போதும். 2019-21 ஆய்வின்படி இங்கே நூற்றில் 45 பிரசவம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் எடுத்தால் 64. ஒரு சமூகத்தில் சிசேரியன் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுவதால் தாய்-சேய் மரணம் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொல்லியிருக்கிறது. சிசேரியன் பல உயிரைக் காப்பாற்றுகிறது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பொறுத்திருக்கத் தெரிந்தவர்களும், பொறுத்திருக்க நேரம் உள்ளவர்களும் அறையில் குறைந்தால் கத்தி கூடும். 2021-ல் வெளியான உலகத் தாதியர் நிலை அறிக்கை, உலகத்துக்கு இன்னும் ஒன்பது லட்சம் தாதியர் வேண்டும் என்கிறது. புதிதாகப் பயிற்சி கொடுப்பது ஒரு வழி. பயிற்சி பெற்றவர்களைப் பிரசவ அறையிலேயே இருக்க வைப்பது அதைவிட விரைவான வழி.

அதற்கு நான் கேட்பவை மூன்று. லேபர் வார்டில் விரும்பி இருப்பவளை ரொட்டேஷனில் தூக்காதீர்கள். பிரசவம் பார்த்துக்கொண்டே பதவியும் சம்பளமும் உயர ஒரு தனிப் பாதை போடுங்கள். மூத்த தாதி என்று ஒரு பதவி இருந்தால் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவும் அந்த அறையிலேயே ஆள் இருக்கும். தொகுப்பூதியத்தில் ஒருவரைப் போட்டு உயிர் காக்கும் முடிவை அவர் தலையில் கட்டாதீர்கள். பொறுப்பு நிரந்தரம் என்றால் வேலையும் நிரந்தரமாக வேண்டும்.

குடும்பங்களிடமும் ஒன்று கேட்பேன். கர்ப்பமான பெண்ணுக்கு மருத்துவமனை பார்க்கும்போது டாக்டர் யார், அறைக்கு ஏ.சி. உண்டா என்று விசாரிக்கிறீர்கள். இரவு நேரத்தில் லேபர் வார்டில் எத்தனை சிஸ்டர் இருப்பார்கள், அவர்கள் அங்கே எத்தனை வருடமாக இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் நிர்வாகம் பதிலைத் தயார் செய்து வைக்கும். நூறு பேர் கேட்டால் ஆளைத் தயார் செய்து வைக்கும்.

லேபர் வார்டு கேட்கலாமா என்று தயங்கி நிற்கும் மாணவியிடம் நான் கேள் என்றுதான் சொல்கிறேன். நல்ல மூத்த சிஸ்டர் இருக்கும் இடமாகப் பார்த்துச் சேர். முதல் வருடத்தில் ஒவ்வொரு வயிற்றையும் தொட்டுப் பார். சந்தேகம் வந்தால் எந்த நேரமானாலும் மருத்துவரைக் கூப்பிடு, திட்டினாலும் கூப்பிடு. ஆள் போதவில்லை என்றால் வாயால் புலம்பாமல் எழுத்தில் கொடு. உன்னை அங்கே இருக்க வைப்பது உன் மனவலிமையின் வேலை மட்டும் இல்லை, எங்கள் எல்லோருடைய வேலை. எங்கள் பங்கை நாங்கள் செய்யும்வரை, நீ அங்கிருந்து போனாலும் உன்னைக் குறை சொல்ல எங்களுக்கு உரிமை கிடையாது.